தாளும் தாளமும்: மலையகப் பாடலாசிரியர் விட்டுச்சென்ற எழுத்துகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு சமூகத்தின் இலக்கியத்தை மதிப்பிட முனைபவன் முதலில் தேடுவது ஏட்டையே. ஏடு கிடைப்பின் பாடபேதம் நோக்கலாம். ஆசிரியன் எழுதி அடித்த சொல்லைக் கண்டு அவன் உள்ளம் சென்ற வழியை ஓரளவு உணரலாம். பிற்காலத்தவர் சேர்த்தவற்றையும் நீக்கியவற்றையும் பிரித்தறியலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிடின் சங்க இலக்கியம் பற்றிய நமது திறனாய்வு எத்துணை வறுமையுற்றிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏடு தேடியவர்களின் கால் நோவே பின்வந்தோரின் திறனாய்வுக்கு முதலாயிற்று.

ஆயின் மலையக மக்களின் பாடல்களை நோக்குமிடத்து இந்நெறி இடர்ப்படுகிறது. அவை ஏட்டிலே பிறந்தவை அல்ல. கொழுந்து மலையிலும், லயத்து வாசலிலும், காமன் கூத்துத் திடலிலும், இழவு வீட்டிலும் பிறந்தவை. அவற்றுட் சில காலந்தாழ்த்தித் தாளில் ஏறின, பல ஏறவேயில்லை. தாளில் ஏறியவற்றிலும் சொல் மட்டுமே பெரும்பாலும் ஏறியது. தாளம் வெளியே நின்றுவிட்டது. மலையகத்திலே பாடல் இயற்றியோரும் பாடல் தொகுத்தோரும் விட்டுச்சென்ற எழுத்துகள் நமக்கு எதனைத் தருகின்றன, எதனைத் தரவில்லை, அவற்றை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு மீனாட்சியம்மையின் பாடற் பிரசுரமும், சி. வி. வேலுப்பிள்ளையின் நாட்டார் பாடல் தொகுப்பும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றுக்குச் செல்லுமுன், கடலுக்கு அப்பாலுள்ள வேறொரு பாடலாசிரியனின் கதையைச் சுருக்கமாக நோக்குதல் பயன்தரும்.

நியூ ஓர்லீன்ஸில் ஒரு பியானோக் கலைஞன்

ஜாஸ் எனப்படும் இசை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களிடையே உருப்பெற்றது. அதன் தொடக்ககால ஆசிரியருள் ஒருவன் ஜெலி ரோல் மோட்டன். நியூ ஓர்லீன்ஸ் நகரிற் பிறந்து, இளமையிலேயே அந்நகரத்துக் களியாட்ட விடுதிகளிற் பியானோ வாசித்துப் பிழைத்தவன். 1915இல் வெளியான அவனது 'ஜெலி ரோல் புளூஸ்' அச்சில் வந்த முதல் ஜாஸ் ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1926 தொடக்கம் அவனது குழு பதிவுசெய்த இசைத்தட்டுகள் பெரும் புகழ் ஈட்டின. பின்னர் இசையின் நடை மாறிற்று, அவன் மறக்கப்பட்டான். தான் இயற்றிய பாடல்களுக்குரிய பணம் தனக்கு வந்துசேரவில்லை என்று முறையிட்டுக் கடிதங்கள் எழுதுவதில் அவனது இறுதியாண்டுகள் கழிந்தன. 1941இல் இறந்தான்.

1938இல், வாஷிங்டன் நகரில் ஓர் எளிய விடுதியிலே வாசித்துக்கொண்டிருந்த அவனை, நாட்டார் பாடல் சேகரிப்பாளரான அலன் லோமக்ஸ் என்பார் காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்துச் சென்றார். பியானோவின் முன் அமர்த்தி, பேசவும் பாடவும் வாசிக்கவும் செய்து, எட்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பதிவுசெய்தார். அப்பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு லோமக்ஸ் எழுதிய நூல் 1950இல் வெளிவந்தது. வில்லியம் றஸல் என்னும் மற்றொருவர் மோட்டனைப் பற்றிய கடிதங்களையும் இசைப்படிகளையும் பல்லாண்டுகளாகத் தேடிச் சேர்த்தார். அத்தொகுதி 1992இல் நியூ ஓர்லீன்ஸ் நகரத்து வரலாற்று நிறுவனம் ஒன்றைச் சென்றடைந்து, இன்று ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டுவன இரண்டு. ஒன்று, மோட்டனின் இசைத்தாள்கள் மட்டும் எஞ்சியிருப்பின் அவனது கலை நமக்கு அரைகுறையாகவே கிடைத்திருக்கும். இசைக்குறியீடு எந்தச் சுரம் என்று சொல்லும். அதனைச் சற்றே பிந்தி அழுத்துவதால் எழும் அசைவைச் சொல்லாது. அவ்வசைவே ஜாஸின் உயிர். பதிவு இருந்தமையாலேயே தாளுக்கும் இசைக்கும் இடையிலான வெளியை இன்று அளக்க முடிகிறது.

மற்றொன்று, அவ்வாவணங்கள் மோட்டனைப் புகழ்வதற்கு மட்டும் பயன்படவில்லை, மறுப்பதற்கும் பயன்பட்டன. 1902இல் ஜாஸைக் கண்டுபிடித்தவன் தானே என்று 1938இல் அவன் பத்திரிகைக்கு எழுதினான். ஓர் இசை மரபைத் தனியொருவன் கண்டுபிடித்தான் என்பதை எந்த ஆய்வாளரும் ஏற்கார். எனினும் அவன் எழுதியதும் பேசியதும் எஞ்சியிருப்பதால், எவ்விடத்தில் மிகைப்படுத்துகிறான், எவ்விடத்தில் உண்மையாகவே புதுமை செய்தான் என்று எடைபோட இயலுகிறது. ஆவணமில்லாத கலைஞனை வணங்கலாம், அல்லது மறக்கலாம். அவனோடு வாதாட இயலாது. வாதாட்டமின்றித் திறனாய்வு இல்லை.

பருத்தித் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். அங்கு நிலவியது அடிமை முறை. இங்கு நிலவியது கங்காணி முறை. இங்கு தொழிலாளியைப் பிணித்தது சங்கிலியன்று, துண்டு என வழங்கிய கடன் சீட்டு. அது 1921இல் சட்டத்தினாலே தடைசெய்யப்பட்டது. எனினும் பிறருடைய நிலத்திலே பிறர்க்காக உழைத்தோர், தமது பாட்டைத் தாமே எழுதிவைக்கும் வாய்ப்பற்றிருந்தனர் என்ற அளவில் ஒப்புமை உண்டு. அவ்வொப்புமையின் எல்லைக்குள் நின்றே மேற்செல்வோம்.

மீனாட்சியம்மையின் பிரசுரம்

மலையகத்தின் தொடக்ககாலத் தொழிற்சங்க வரலாற்றிலே கோ. நடேசய்யரின் பெயர் முதலிடம் பெறுவது. தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கை வந்த அவர், 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார்; 1931இல் இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பத்திரிகைப் பணியிலும் தொழிலாளர் மேடையிலும் அவரோடு இணைந்து நின்றவர். கூட்டங்களிலே நடேசய்யர் பேசுவதற்கு முன் மீனாட்சியம்மை பாரதி பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார் என்பது வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும் செய்தியாகும்.

அவர் இயற்றிய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு பிரசுரமாக 1940இல் வெளிவந்தன. காலத்தை நோக்குதல் இன்றியமையாதது. 1939இல் இலங்கை அமைச்சரவை, அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை வேலை நீக்கும் நடவடிக்கையை மேற்கொண்டது. அவ்வாண்டு யூலையிலே ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிற்று. இக்கொதிப்பின் நடுவே பிறந்தவை இப்பாடல்கள். நிலைமை நாளுக்கு நாள் மோசமாகி வருகின்றது, அதனைத் தொழிலாளருக்கு எடுத்துரைத்து உரிமைக்காகப் போராடச் செய்தல் வேண்டும், அப்பணிக்குப் பாட்டே பெரிதும் பயன்படும் என்ற கருத்தினை அம்மையார் தமது முன்னுரையிலே வெளிப்படையாகக் கூறியுள்ளார். 'பிரசாரம்' என்று பிறர் பழிப்பதற்கு முன்னரே அதனைத் தமது நோக்கமாக அறிவித்துக்கொண்ட நேர்மை குறிப்பிடத்தக்கது.

இப்பிரசுரம் பற்றி நம்மிடையே நிலவும் மதிப்பீடுகள் இருவகையின. இலக்கிய வரலாற்று நூல்கள் இதனை மலையக எழுத்திலக்கியத்தின் ஒரு தொடக்கம் என ஒரு பத்தியிலே போற்றிவிட்டு அப்பாற் செல்கின்றன. தூய அழகியல் நோக்குடையோர், சொல் வளமும் கற்பனையும் குறைந்த கோஷங்கள் என ஒதுக்குகின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பதே எனது கருத்து. இருவரும் இதனைக் கண்ணால் வாசிக்கின்றனர். கண்ணுக்காக எழுதப்பட்டதன்று இது.

தோட்டங்களுக்குள் வெளியார் நுழைதல் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. நடேசய்யரே புடவை வியாபாரி போல் வேடம் பூண்டு தோட்டத்துக்குட் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். அத்தகைய சூழலிலே, எழுத்தறியாத பெருந்தொகையினருக்கு ஒரு செய்தி லயம் லயமாகச் செல்வதற்கு வழி யாது? பத்திரிகையை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கலாம். ஆயின் பத்திரிகையைத் துரையின் ஆட்கள் பறித்துவிடலாம். பாட்டைப் பறிக்க இயலாது. கூட்டத்தில் ஒருமுறை கேட்டவள் அதனை மறுநாள் கொழுந்து மலைக்கு எடுத்துச் செல்வாள். அவ்வாறு எடுத்துச் செல்ல வேண்டுமாயின் மெட்டு முன்னரே அறிந்ததாக இருத்தல் வேண்டும். அடிகள் மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும். சொல் எளிதாதல் வேண்டும். ஏட்டிலே குறையாகத் தோன்றும் எளிமையும் மீட்சியும் செவிக்கு உரிய இலக்கணங்களே. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைக் கதாகாலட்சேபத்தினின்று பிரித்துச் செய்யுளாக மட்டும் வாசித்தால் எவ்வாறு குறைபடுமோ, அவ்வாறே இதுவும் குறைபடுகிறது.

இவ்வாறு கூறுவதனால் இப்பாடல்களிலே குறையே இல்லை என்று வாதிடுகிறேன் அல்லேன். பிரசுரத்தின் தலைப்பையே நோக்குக. அது 'இந்தியர்' என்று பேசுகிறது. கொழும்புத் துறைமுகத் தொழிலாளியும், நகரத்து வணிகரும், தோட்டத்துக் கொழுந்துக்காரியும் இத்தொகைச் சொல்லிலே ஒன்றாகின்றனர். அரசியல் முறையில் அன்று அது தேவையான ஒற்றுமையாயிருந்திருக்கலாம். ஆயின் 'மலையகத்தார்' என்ற தன்னுணர்வு அங்கு இன்னும் பிறக்கவில்லை. பாடுபவர் தொழிலாளரை நோக்கிப் பாடுகிறார். தொழிலாளராக நின்று பாடவில்லை. அவரது பரிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் மேடைக்கும் களத்துக்கும் இடையிலுள்ள தூரம் குரலிலே தெரிகிறது. இத்தூரத்தைக் குறைகூறலாகவன்றி வரலாற்றுண்மையாகக் காணுதலே முறையாகும்.

இங்குதான் ஆவணப் பிரச்சினை எழுகிறது. இப்பாடல்களின் எந்த அடியைக் கூட்டத்தில் மக்கள் திருப்பிப் பாடினர்? எவ்வடியை அம்மையார் தோட்டத்து வழக்குக்கேற்ப மாற்றினார்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க வல்லது பாடலாசிரியரின் குறிப்பேடும் குரற்பதிவுமே. மோட்டனை ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்த்திய 1938ஆம் ஆண்டுக்கும் மீனாட்சியம்மையின் பிரசுரம் வெளிவந்த 1940ஆம் ஆண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். கருவி உலகில் இருந்தது. அதனை ஹட்டனுக்குக் கொண்டுவரும் கை இருக்கவில்லை. நமக்கு எஞ்சியது அச்சிட்ட தாள். அத்தாளையும் மறதியினின்று மீட்டு நமக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலை எழுதிய சாரல் நாடன் ஆவார்.

சி. வி.யின் தொகுப்பு

மீனாட்சியம்மை வெளியிலிருந்து வந்து மக்களோடு நின்றவர் எனின், சி. வி. வேலுப்பிள்ளை மக்களுள்ளிருந்து வந்து வெளியுலகோடு பேசியவர் எனலாம். 1914இல் வட்டகொடை, மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை, சக்தீ பாலஐயாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனப் புகழ்பெற்றது. ஆங்கிலமும் அரசியலும் கைவந்த அவர், தம் வாழ்நாள் முழுவதும் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் செவிமடுத்துக் குறித்துவந்தார். அவற்றின் பயனாக 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

இத்தொகுப்பின் அருமையை எத்துணை கூறினும் தகும். கடல் கடந்த துயர், கோப்பிக்காலத்து நினைவு, கங்காணியின் கெடுபிடி, கணக்கப்பிள்ளையின் சூழ்ச்சி, காதல், தாலாட்டு, ஒப்பாரி எனத் தோட்ட வாழ்வின் முழுமையும் இவ்வாய்மொழி மரபில் இடம்பெறுகின்றது. மீனாட்சியம்மையின் பாடல்களில் நாம் காணாத களத்தின் குரல் இங்கே கேட்கிறது. 1869இன் பின் இலை நோயினாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தது என வரலாற்று நூல் ஒரு வாக்கியத்திலே கூறிச் செல்லும். அம்மாற்றத்தினூடே வாழ்ந்தவர்கள் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்குச் சான்று வேண்டுமாயின் பாட்டிடமே செல்ல வேண்டும்.

எனினும் இத்தொகுப்பு குறித்தும், இவ்வகைத் தொகுப்புகள் அனைத்தும் குறித்தும், இரண்டு வினாக்களை எழுப்புதல் தகும்.

முதலாவது இசை பற்றியது. கும்மியை எழுதுகையில் கைகொட்டு விடுபடுகிறது. ஒப்பாரியை எழுதுகையில் அழுகை விடுபடுகிறது. காமன் கூத்துப் பாட்டை எழுதுகையில் தப்பின் அடி விடுபடுகிறது. காலையிலே தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. மாசியிலே காமனை ஆடவைத்ததும் அதே தப்பு. துரைக்கு ஊழியஞ்செய்த கருவியே இரவில் மக்களின் கருவியாகிறது என்ற முரண், சொல்லை மட்டும் அச்சிட்ட பக்கத்திலே புலப்படுவதில்லை.

இரண்டாவது பெயர் பற்றியது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இலர். அது கூட்டுப் படைப்பு என்பது நாம் வகுப்பறையிற் கற்ற பாடம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயின் அவ்வுண்மையின் நிழலில் ஒரு சோம்பலும் ஒளிந்திருக்கிறது. பாடியவளுக்குப் பெயர் இருந்தது. தோட்டத்திலே நாட்கூலியைக் குறிக்கும் சொல்லே 'பேர்' என்பதுதான். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். செக்றோலிலே நாள்தோறும் அவள் பேர் எழுதப்பட்டது. அரைப்பேர் போட்ட கொடுமையைப் பாடியவளின் முழுப்பெயரைப் பாட்டுப் புத்தகத்தில் நாம் எழுதாது விடுவோமாயின், கணக்கப்பிள்ளையிலும் நாம் எவ்வகையில் மேம்பட்டவர்கள்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலானோர் ஈழத்து நாட்டார் மரபை ஆய்வுக்குரியதாக உயர்த்திய நாள்தொட்டு, பாடலுக்கு அளித்த மதிப்பைப் பாடியவர்க்கும் அளித்தல் நமது கடனாகின்றது.

சி. வி.யைக் குற்றஞ்சாட்ட இவ்வினாக்களை எழுப்பவில்லை. கையிலே பென்சிலும் தாளும் அன்றி வேறில்லாத ஒருவர், அரசியற் போராட்டங்களினிடையே, அழிந்துகொண்டிருந்த ஒரு மரபினின்று கைப்பிடியளவேனும் அள்ளித் தந்தார். அவர் செய்ததனாலேயே, செய்யாது விடப்பட்டது எதுவென நாம் இன்று கூற முடிகிறது.

ஒரு தகரப் பெட்டி

இவ்விடத்தில் எனது சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் அனுமதிப்பாராக. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர் எனது அம்மாயி. சென்ற விடுமுறையில் இக்கட்டுரையின் பொருட்டு அவரிடம் பழைய பாடல்களைக் கேட்டேன். குறிப்பேட்டைத் திறந்து, "பாட்டைச் சொல்லுங்க அம்மாயி, எழுதிக்கிறேன்" என்றேன். அவர் தொடங்கினார், இரண்டாம் அடியிலேயே தடைப்பட்டார். மீண்டும் முயன்றார்; மீண்டும் தடைப்பட்டார். பின்னர் சிரித்துக்கொண்டே, "பாடச் சொன்னா பாடுவேன் கண்ணு, சொல்லச் சொன்னா எங்கேருந்து சொல்றது?" என்றார். குறிப்பேட்டை மூடிவைத்தேன். அவர் பாடினார். தடையின்றி ஏழெட்டுப் பாடல்கள் வந்தன. சொல்லைத் தாங்கி நிற்பது மெட்டே என்பதை எந்த நூலும் அன்று போல் எனக்கு உணர்த்தியதில்லை.

பின்னர் அவர் தமது தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதிலே மெழுகுத்தாளிற் சுற்றிய சில பத்திரங்கள் இருந்தன. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தோட்டத்துச் சீட்டுகள், காலஞ்சென்ற தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடிதங்கள். லயத்திலே மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழ், ஈரம் புகாத இடமாகப் பார்த்துப் பார்த்து அப்பெட்டியை வைத்திருந்தார்களாம். ஏன் அத்துணை கவனம் என்று நான் கேட்கவில்லை. மலையகத்திற் பிறந்த எவரும் அதனைக் கேட்கமாட்டார்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டவர் என்பதைத் தந்தைவழிப் பிறப்பினால் நிறுவும்படி கோரிற்று. தொடர்ந்து 1949இல் வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தில் முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 1947இல் மக்கள் வாக்களித்துப் பாராளுமன்றம் அனுப்பிய சி. வி.யின் பின், 1952இல் அம்மக்களின் சார்பில் ஒருவரேனும் அங்கு செல்ல இயலவில்லை. இவை அனைத்திலும் தாள் இருந்தவர் ஒரு பக்கமும் இல்லாதவர் மறுபக்கமும் நின்றனர் என்று கூறின் அது முழு உண்மையாகாது. சட்டத்தின் நோக்கமே வேறாயிருந்தது. ஆயினும் தாளில்லை என்பதே மறுப்பதற்குரிய காரணமாகப் பலர்க்குக் காட்டப்பட்டது.

அப்பெட்டியிலே அரசாங்கம் கேட்ட தாள்கள் யாவும் இருந்தன. பாட்டு ஒன்றேனும் இல்லை. பாட்டைக் காட்டும்படி எவரும் கேட்கவில்லையாதலின் அதனை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. ஆனால் இந்நாட்டில் நாம் எத்துணைக் காலம், எந்த மலையில், எவ்வாறு வாழ்ந்தோம் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரத்தைவிடப் பாட்டே நிறைந்த சான்று. கப்பலேறிய துறையையும், நடந்து வந்த காட்டு வழியையும், கோப்பி இருந்த மலையையும் பெயர் சொல்லிப் பாடிய மக்கள், தமது வதிவிடச் சான்றினைத் தாளத்தில் எழுதி வைத்திருந்தனர். அதனை வாசிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவரும் இருக்கவில்லை.

செய்ய வேண்டுவன

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை 2023இல் நினைவுகூரப்பட்டது. விழாக்களும் சிறப்பு மலர்களும் மலிந்தன. அவற்றிலே பழம்பாடல்கள் பல மேடையேறின. பெரும்பாலும் அதே பாடல்கள், அச்சான நூலிலிருந்து எடுக்கப்பட்டவை, புதிய மெட்டிலே பாடப்பட்டவை. இதிற் பிழையில்லை. ஆயினும் நூலிலிருந்து பாட்டை மீட்கும் நாம், நூலுக்கு வராத பாட்டு நம் வீடுகளிலே மூப்படைந்துகொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை.

நம்பிக்கை தரும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கம்பளைக்கு அண்மையிலே பழைய லயமொன்றில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலையும் ஆவணகமும் இயங்கி வருகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் மலையக வெளியீடுகள் பலவற்றை எவரும் பயிலத்தக்கவாறு வழங்குகின்றது. சாரல் நாடன் தமது 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்னும் நூலிலே வாய்மொழி மரபைத் தனித்து ஆராயும் வழியைக் காட்டிச் சென்றுள்ளார். இவற்றோடு மாணவராகிய நாமும் சேர்வதற்கு மூன்று பணிகள் உள்ளன.

முதலாவது, தொழிற்சங்க அலுவலகங்களிலும் பழைய அச்சகங்களிலும் தனியார் இல்லங்களிலும் எஞ்சியுள்ள பாட்டுப் புத்தகங்கள், துண்டுப் பிரசுரங்கள், குறிப்பேடுகள் ஆகியவற்றை ஈரமும் கறையானும் தின்னுமுன் தேடிப் படியெடுத்தல். கையெழுத்து மோசமென்றோ எழுத்துப்பிழை மலிந்ததென்றோ எதனையும் ஒதுக்கலாகாது. அடித்துத் திருத்திய படியே நமக்கு மிகுதியும் வேண்டும்.

இரண்டாவது, பாடலைச் சொல்லாகவன்றிப் பாட்டாகவே பதிவுசெய்தல். லோமக்ஸுக்குப் பெருங்கருவி வேண்டியிருந்தது. இன்று நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் அதனினும் மேலான கருவி இருக்கிறது. கருவி இல்லை என்று 1940இல் கூறியிருக்கலாம். இன்று கூற இயலாது.

மூன்றாவது, பாடியவரின் பெயரையும் தோட்டத்தையும், அவர் அதனை எவரிடம் கற்றார் என்பதையும், அவர் இசைந்தால், பாட்டோடு சேர்த்து எழுதுதல். வேண்டாம் என்று அவர் கூறின் அதனை மதித்தல். அரைப்பேரன்று, முழுப்பேர்.

இவையாவும் நிறைவேறின் மலையகப் பாடல் பற்றிய நமது திறனாய்வு மாறும் என்பது எனது துணிபு. மீனாட்சியம்மையைப் போற்றி ஒதுக்காமல் அவரோடு வாதாடுவோம். சி. வி.யின் தொகுப்பை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்வோம். மோட்டனின் பிதற்றலையும் மேதைமையையும் அமெரிக்க ஆய்வாளர் பிரித்தறிவது போல, நமது பாடலாசிரியரின் பலத்தையும் பலவீனத்தையும் அச்சமின்றிப் பிரித்தறிவோம். இரக்கத்தினாற் பெறும் பாராட்டைவிட ஆராய்ந்து பெறும் மதிப்பே எந்தக் கலைஞனுக்கும் உயர்ந்த அஞ்சலியாகும்.

அம்மாயி பாடிய பாடல்களை அன்று பதிவுசெய்தேன். பதிவின் தொடக்கத்திலே அவருடைய பெயரை அவரே கூறவேண்டும் எனக் கேட்டுக்கொண்டேன். சற்று நாணியபின், பெரட்டிலே பேர் கூப்பிடும்போது விடையிறுப்பது போல, உரத்த குரலிலே தம் பெயரைக் கூறினார். அப்பெயரை இங்கு அச்சிட அவர் விரும்பவில்லை. பாட்டோடு இருந்தாற் போதும் என்றார்.